யார் படிக்க வேண்டிய எழுத்து? பாரிஸ் வகுப்பறையில் ஆறு புள்ளிகள் ஆதரவு பெற்ற விதம்: ஒரு நிகழ்வு ஆய்வு

1840இல் பாரிஸ் நகரில் இருந்த பார்வையற்ற இளையோர் பள்ளியின் இயக்குநர் மாறினார். அதுவரை அங்கேயே பணியாற்றிவந்த துஃபோ பொறுப்புக்கு வந்தார். மாணவர்கள் பல ஆண்டுகளாகப் பழகியிருந்த புள்ளி எழுத்தை வகுப்பிலிருந்து விலக்கியது அவருடைய முதல் மாற்றங்களில் ஒன்று. அந்த எழுத்தை உருவாக்கிய லூயி பிரெயில் அப்போது அதே பள்ளியில் ஆசிரியர். தன் கண்டுபிடிப்பைத் தன் மாணவர்களுக்கே வெளிப்படையாகச் சொல்லித்தர முடியாத நிலையில் அவர் அங்கே பாடம் நடத்திக்கொண்டிருந்தார்.

துஃபோவைக் கல்நெஞ்சராகக் காட்டும் எழுத்துகள் நிறைய உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. அவருடைய வாதத்தை நிதானமாகக் கேட்டுப் பாருங்கள்: பார்வையற்றவர்கள் ஊரோடு சேர்ந்து வாழ வேண்டியவர்கள், ஊருக்கு ஓர் எழுத்து, அவர்களுக்கு ஓர் எழுத்து என்று பிரித்தால் அவர்களைச் சுற்றி நாமே ஒரு சுவர் எழுப்பியதாகும், ஆகவே எல்லோரும் படிக்கும் எழுத்தையே அவர்களும் தொட்டுப் படிக்கட்டும். இன்றைக்கு எந்தப் பள்ளிக் கூட்டத்தில் இதைச் சொன்னாலும் தலைகள் ஆடும். அனைவரையும் உள்ளடக்கும் கல்வியின் பெயராலேயே, அந்தக் கல்விக்கு மிகவும் உதவிய கருவி வெளியே தள்ளப்பட்டது. இந்த நிகழ்வை ஆராய எடுத்துக்கொண்டதற்கு அதுவே காரணம்.

ஆசிரியர்களுக்குப் பயிற்சி தரும் வேலையில் இருக்கிறேன். திரையில் உள்ளதை உரக்கப் படித்துக் காட்டும் திரைவாசிப்பான், குரலை எழுத்தாக்கும் செயலி, செவிக்கருவியோடு இணையும் ஒலிவாங்கி என்று வகுப்பறைக்குள் எதைக் கொண்டுபோனாலும், கருவி வேலை செய்கிறதா என்ற கேள்வி ஒரு வாரத்தில் தீர்ந்துவிடுகிறது. மற்றவர்கள் அதை ஏற்றுக்கொள்வது எப்படி என்ற கேள்வி வருடக்கணக்கில் இழுக்கிறது. பிரெயிலின் கதையில் அந்த இழுபறி 30 ஆண்டுகள் நீண்டது. 1824இல் உருவான எழுத்து 1854இல்தான் பிரான்சில் அரசு ஏற்பைப் பெற்றது. அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன், 1852 ஜனவரி 6 அன்று, பிரெயில் இறந்துபோயிருந்தார். வயது 43.

கண்ணைக் கவர்ந்த புடைப்பெழுத்து

கதையை 1780களிலிருந்து தொடங்க வேண்டும். வாலந்தேன் ஹவுய் என்பவர் பாரிஸில் பிச்சையெடுத்துக்கொண்டிருந்த லெசூவர் என்ற பார்வையற்ற இளைஞனை மாணவனாகச் சேர்த்துக்கொண்டு கற்பிக்கத் தொடங்கினார். அச்சிட்ட அட்டையொன்றின் பின்பக்கத்தில் எழுத்துகள் லேசாக மேலெழும்பியிருந்ததை அவன் விரலால் கண்டுபிடித்தான் என்றும், ஹவுய்க்கு அதிலிருந்துதான் வழி தெரிந்தது என்றும் சொல்வார்கள். பெரிய அச்செழுத்துகளின் மேல் ஈரத்தாளை அழுத்தி, ரோமன் எழுத்துகளின் வடிவத்தைப் புடைக்கச் செய்தார். பார்வையற்ற குழந்தைகளுக்கென்று உலகில் முதன்முதலாகத் தோன்றிய பள்ளி 1785இல் இப்படி அமைந்தது.

ஹவுய் கெட்டிக்காரர். பள்ளி நடக்கப் பணம் வேண்டும், பணம் கொடுப்பவர்கள் நம்ப வேண்டும் என்பது அவருக்குத் தெரியும். மாணவர்களைப் பொதுமக்கள் முன் படிக்கவைத்துக் காட்டினார். 1786 டிசம்பரில் வெர்சாய் அரண்மனைக்கே அழைத்துச் சென்று மன்னர் பதினாறாம் லூயி முன்னால் நிறுத்தினார். குழந்தை விரலை ஓட்டிப் படிக்கிறது. எதிரே நிற்பவர் அதே வரியைத் தன் கண்ணால் சரிபார்க்கிறார். வியப்புக்கு அதைவிட வேறென்ன வேண்டும்?

சரிபார்க்கும் கண்ணுக்குப் பொருந்தியது என்பதுதான் அந்த எழுத்தின் பெரிய பலம். விரலுக்கு அது அவ்வளவாகப் பொருந்தவில்லை. புடைத்த கோடு எங்கே வளைகிறது, எங்கே முடிகிறது என்று விரல்நுனி ஒவ்வோர் எழுத்தையும் சுற்றிவர வேண்டும். எழுத்து பெரிதாக இருந்தால்தான் தெரியும். எழுத்து பெரிதானால் புத்தகம் கனக்கும். எல்லாவற்றையும்விடப் பெரிய குறை, அந்த எழுத்தில் குழந்தையால் படிக்க முடிந்ததே தவிர, தானாக உட்கார்ந்து நாலு வரி எளிதாக எழுத முடியவில்லை. கணக்கைக் குறித்துக்கொள்ள, பாடத்தைப் பதிந்துகொள்ள, தோழனுக்கு ஒரு சீட்டு அனுப்ப எளிய வழியில்லை. இந்தக் குறையைப் பார்வையாளர் வரிசையில் இருந்தவர்கள் யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை. படித்துக் காட்டச் சொன்னார்கள். படித்ததே அவர்களுக்குப் போதுமானதாக இருந்தது.

சேணக்கடைப் பையன்

1809 ஜனவரி 4 அன்று கூப்வ்ரே என்ற ஊரில் பிறந்த லூயி பிரெயில், மூன்று வயதில் அப்பாவின் சேணப் பட்டறையில் கூரான கருவியொன்றால் கண்ணைக் குத்திக்கொண்டவர். ஒரு கண்ணில் தொடங்கிய தொற்று மறு கண்ணையும் பறித்தது. பத்து வயதில், 1819 பிப்ரவரியில், பாரிஸ் பள்ளிக்கு வந்தார். ஒரு காலத்தில் குருமடமாகவும் புரட்சியின்போது சிறையாகவும் இருந்த பழைய கட்டடம் அது. ஈரம் கசியும் சுவர்கள். பின்னாளில் அவர் உயிரைக் குடித்த காசநோய்க்கு அந்த ஈரமும் ஒரு காரணம் என்பார்கள்.

1821இல் பின்யே என்பவர் இயக்குநராக இருந்தபோது, பார்பியே என்ற முன்னாள் இராணுவ அதிகாரியின் எழுத்துமுறை பள்ளியில் சோதித்துப் பார்க்கப்பட்டது. புடைத்த கோடுகளுக்குப் பதிலாகப் புடைத்த புள்ளிகள். இருட்டில் சிப்பாய்கள் படிப்பதற்காகச் செய்தது என்று எல்லாப் புத்தகங்களிலும் வரும் கதையை இங்கே ஒதுக்கிவைத்துவிடலாம். நமக்குத் தேவை அதன் உள்ளமைப்பு. ஒரு குறிக்கு அதிகபட்சம் 12 புள்ளிகள், ஆறு வரிசை உயரம். அது எழுத்தைக் குறிக்கவில்லை, ஒலியைக் குறித்தது. எழுத்துக்கூட்டல், நிறுத்தக்குறி, எண், இசைக்குறிப்பு எதற்கும் இடமில்லை. ஆனால் அவர் ஒரு துளைச்சட்டமும் ஊசியும் சேர்த்துக் கொடுத்தார். அந்தச் சட்டத்தில் பார்வையற்ற குழந்தை தன் கையால் எளிதாக எழுதித் தானே படிக்க முடிந்தது.

அந்தச் சட்டத்தில் எழுதுவது எப்படி என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். தாளைப் பலகையில் விரித்து, மேலே சட்டத்தைப் பொருத்தி, கட்டத்துக்குள் ஊசியால் குத்தினால் புள்ளி தாளின் மறுபக்கம் எழும்பும். ஆகவே வலமிருந்து இடமாக, ஒவ்வொரு குறியையும் கண்ணாடியில் தெரிவதுபோல் மாற்றிக் குத்த வேண்டும். தாளைத் திருப்பினால் இடமிருந்து வலமாகச் சரியாக ஓடும். கேட்கும்போது தலை சுற்றுகிறது. குழந்தைகளுக்கு ஒரு வாரத்தில் கைவந்துவிடுகிறது. வகுப்பில் பத்துப் பேர் ஒன்றாகக் குத்தினால் தகரக் கூரையில் தூறல் விழுவதுபோல் சத்தம் கேட்கும்.

12 புள்ளிகளை ஒரே தொடுதலில் விரல்நுனியால் பிடிக்க முடியாது. மேலும் கீழும் தேட வேண்டியிருந்தது. பிரெயில் உயரத்தைப் பாதியாக்கினார். மூன்று வரிசை, இரண்டு நிரல், ஆறு புள்ளிகள். அதில் 63 சேர்க்கைகள் கிடைக்கும். விரல்நுனி இரண்டு புள்ளிகளைத் தனித்தனியே உணர அவற்றுக்கிடையே ஏறத்தாழ 2 முதல் 3 மில்லிமீட்டர் இடைவெளி போதும்; பிரெயில் கட்டத்தின் புள்ளிகள் அந்த அளவில்தான் அமைந்திருக்கின்றன. எந்த ஆய்வுக்கூடமும் இல்லாமல், 15 வயதுப் பையன் தன் விரலையும் விடுதித் தோழர்களின் விரல்களையும் அளவுகோலாக வைத்துக் கண்டுபிடித்த அளவு அது. இன்று தமிழ்ப் பிரெயிலில் படிப்பவரின் விரலடியிலும் அதே ஆறு புள்ளிகள்தான் இருக்கின்றன.

1829இல் இந்த முறையை விளக்கும் அவருடைய நூல் வெளிவந்தது. புள்ளி எழுத்தைப் பற்றிய அந்த நூல் எந்த எழுத்தில் அச்சானது தெரியுமா? ஹவுயின் முறையில், புடைத்த ரோமன் எழுத்தில். முடிவெடுக்கும் இடத்தில் இருந்தவர்கள் கண்ணால் படிப்பவர்கள் என்பதை அந்த 20 வயது இளைஞர் ஒரு கணமும் மறக்கவில்லை என்று எனக்குத் தோன்றுகிறது. 1837இல் வந்த இரண்டாம் பதிப்பில் கிறித்தவர்களின் பரமண்டல ஜெபத்தை ஆறு மொழிகளில் புள்ளியெழுத்தில் கொடுத்தார். இந்த எழுத்து பிரெஞ்சுக்காரர்களுக்கு மட்டுமானதன்று என்று சொல்ல, எல்லோரும் மனப்பாடமாக அறிந்த ஒன்றைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்! அறிமுகமில்லாத குறியீட்டை அறிமுகமான வாசகத்தின் வழியாகக் காட்டுவது இன்றும் பலிக்கும் உத்தி.

யார் எந்தப் பக்கம் நின்றார்கள்

மாணவர்கள் தொடக்கத்திலிருந்தே புள்ளிகளின் பக்கம். யாரும் அவர்களை இணங்கவைக்க வேண்டியிருக்கவில்லை. குறிப்பு எடுக்க முடிந்தது, இசைக்குறிப்பை எழுத முடிந்தது, ஒருவர் எழுதியதை இன்னொருவர் படிக்க முடிந்தது. இசையை அந்தப் பள்ளியில் சாதாரணமாக எண்ணிவிடக்கூடாது; படித்து முடிப்பவர்கள் பலருக்குத் தேவாலயங்களில் ஆர்கன் வாசிப்பதுதான் பிழைப்பு. பிரெயிலே பாரிஸ் தேவாலயங்களில் ஆர்கன் வாசித்தவர். புள்ளி எழுத்து அவர்களுக்குச் சோறு போடும் கருவியாக இருந்தது.

பார்வையற்ற இளம் ஆசிரியர்களும் அதே பக்கம். இயக்குநர் பின்யே ஆதரித்தார், அனுமதித்தார்; 1837இல் பிரான்ஸ் வரலாற்றைப் பற்றிய மூன்று தொகுதி நூலொன்று பள்ளியிலேயே பிரெயிலில் அச்சானது. ஆனால் அவருடைய ஆதரவு அலுவலக அறையோடு நின்றது. பார்வையுள்ள ஆசிரியர்களை அவர் தன்னோடு அழைத்து வந்ததாகத் தெரியவில்லை.

அந்த ஆசிரியர்களின் இடத்தில் நின்று பாருங்கள். இத்தனை ஆண்டுகளாகத் தாங்கள் சொல்லிக்கொடுத்த எழுத்து பழசாகிறது. மாணவன் எழுதியதைத் திருத்த வேண்டுமானால் புதிதாக ஒன்றைக் கற்க வேண்டும். பார்வையற்றவரே பார்வையற்றவருக்குச் சொல்லிக்கொடுக்க முடியும் என்றால் தங்கள் வேலை என்னாகும்? இந்தக் கடைசிக் கேள்வியை யாரும் சபையில் உரக்கக் கேட்பதில்லை. ‘குழந்தை சமூகத்திலிருந்து தனிமைப்பட்டுவிடும்’ என்று அது வேறு உடையில் வந்து நிற்கும். இரண்டும் ஒரே மனத்தில் உண்மையாகவே இருக்கலாம் என்பதையும் சொல்லியாக வேண்டும். தனிமைப்படும் என்ற கவலை வெறும் நடிப்பன்று.

குடும்பங்கள் எந்தப் பக்கம் நின்றன? கூப்வ்ரேயில் இருக்கும் தாய்க்குப் பிள்ளையின் கடிதம் வேண்டும். புள்ளிகள் குத்திய தாள் அவளுக்கு வெறும் சொரசொரப்பு. இந்த ஓட்டையைத்தான் துஃபோவின் வாதம் சரியாகத் தொட்டது.

1834இல் பாரிஸில் நடந்த தொழிற்கண்காட்சியில் பிரெயில் தன் எழுத்தைக் காட்டினார். கூட்டம் பார்த்தது. ஒன்றும் நகரவில்லை. வேடிக்கை பார்த்தவருக்கு அதில் செய்வதற்கு எதுவுமில்லை. புடைத்த ரோமன் எழுத்தையாவது அவரால் படித்துச் சரிபார்க்க முடியும். புள்ளிகளின் முன்னால் அவர்தான் எழுத்தறியாதவர். அந்த உணர்வை யாரும் விரும்பி ஏற்பதில்லை.

வெளியேயிருப்பவருக்கு ஒரு வாசல்

1839இல் பிரெயில் இன்னொரு முறையை வெளியிட்டார். பரவலாகப் பேசப்படாதது அது. இந்த ஆய்வின் நடுப்பகுதி என்று நான் கருதுவதும் அதுதான். பத்துப் புள்ளி உயரமுள்ள கட்டத்தில், ஒவ்வொரு ரோமன் எழுத்தின் வடிவத்தையும் எந்தெந்தப் புள்ளிகளால் வரைய வேண்டும் என்று எண்களாகப் பட்டியலிட்டார். பார்வையற்றவர் அந்த எண்களை மனத்தில் வைத்துக்கொண்டு புள்ளிகளைக் குத்தினால், தாளில் பார்வையுள்ளவர் அப்படியே படிக்கக்கூடிய எழுத்து உருவாகும். இடையில் எழுத்தர் வேண்டாம், படித்துச் சொல்ல ஆள் வேண்டாம். பிள்ளை தன் அந்தரங்கத்தைத் தானே எழுதலாம், தாய் தானே படிக்கலாம்.

வேலை மெதுவாக நடந்தது. ஓர் எழுத்துக்கு எத்தனையோ குத்து. ஃபூக்கோ என்ற பார்வையற்ற இயந்திர வல்லுநர் அவருடன் சேர்ந்து 1841 வாக்கில் இதற்கென ஒரு பொறியைச் செய்தார். பத்து விசைகள், ஒரு நிரலின் புள்ளிகளை வரிசையாக அழுத்தும் ஊசிகள். பின்னாளில் கணினியோடு வந்த புள்ளியச்சுப் பொறியின் மூதாதை என்றே சொல்லலாம். ஆண்டைக் கவனியுங்கள். புள்ளி எழுத்து வகுப்பிலிருந்து விலக்கப்பட்டிருந்த காலம் அது. தன் ஆறு புள்ளிகளுக்காகச் சண்டை போட்டிருக்க வேண்டிய ஆள், எதிர்த்தரப்பின் ஒரே நியாயமான குறைக்கு விடை தேடிக்கொண்டிருந்தார்.

நம் பள்ளிகளில் கருவி வரும்போது நாம் தவறாமல் மறப்பது இந்தப் பகுதியைத்தான். கருவியை வாங்குகிறோம், குழந்தைக்குப் பழக்குகிறோம். குழந்தை அந்தக் கருவியில் செய்த வேலை மற்றவர்களிடம் எந்த வடிவத்தில் போய்ச் சேரும், பக்கத்து இருக்கை மாணவி அதைப் படிப்பாளா, வீட்டில் பாட்டி படிப்பாரா, கணக்கு ஆசிரியர் சிவப்பு மை வைப்பது எங்கே என்பதை எல்லாம் யோசிப்பதில்லை. பிறகு ‘ஒத்துழைப்பு இல்லை’ என்று அறிக்கை எழுதுகிறோம்.

தடைக்காலம்

துஃபோவின் பள்ளியில் கிளாஸ்கோவிலும் அமெரிக்காவிலும் பயன்பட்ட வகையைச் சேர்ந்த புடைப்பெழுத்து திரும்ப வந்தது. மாணவர்கள் என்ன செய்தார்கள்? பகலில் அதைப் படித்தார்கள், இரவில் புள்ளிகளைக் குத்தினார்கள். பெரிய பையன்கள் சின்னப் பையன்களுக்கு ஒளித்து ஒளித்துச் சொல்லிக்கொடுத்தார்கள். தடை அவர்களுக்கு எதிர்பாராத உதவியும் செய்தது. ஆசிரியரால் படிக்க முடியாத எழுத்து என்றால் பிள்ளைகளுக்கு அதைவிடப் பெரிய கவர்ச்சி உண்டா?

அந்தப் பிள்ளைகளில் பெரும்பாலோர் வரலாற்றில் பெயரில்லாதவர்கள். துஃபோவின் ஆணை பிரெயிலின் கையைத்தான் கட்டியது; விடுதியில் யார் யாருக்கு எழுதக் கற்றுக்கொடுக்கிறார்கள் என்பதைக் கட்டுப்படுத்த அதனால் முடியவில்லை. ஒரு கருவியின் ஆதரவுச் சமூகத்தைப் பயனாளர்களிடமிருந்து தொடங்கிக் கட்டினால் அதற்கு இந்த உறுதி கிடைக்கிறது. நிர்வாகம் மாறலாம், நிதி நிற்கலாம், கருவியைப் பழகிய இருவர் மிஞ்சினால் மூன்றாமவர் உருவாவார். மேலிருந்து அனுப்பிய கருவிகளுக்கு இது வாய்ப்பதில்லை. உறை பிரிக்காத கைக்கணினிகள் அலமாரியில் பூட்டியிருப்பதை எத்தனை பள்ளிகளில் பார்த்திருக்கிறேன்!

1844 பிப்ரவரி 22

1843இன் கடைசியில் பள்ளி புதிய கட்டடத்துக்குக் குடிபெயர்ந்தது. 1844 பிப்ரவரி 22 அன்று திறப்பு விழா. துணைப் பொறுப்பில் இருந்த குவாதே, புள்ளி எழுத்தைப் பற்றி அன்றைய சபையில் விளக்கினார். மாணவர்கள் தடையை மீறுவதைப் பார்த்துப் பார்த்து, அவர்கள் பக்கம் நியாயம் இருப்பதை உணர்ந்தவர் அவர். துஃபோவையும் இணங்கவைத்திருந்தார்.

அன்றைய செயல்விளக்கம் அமைக்கப்பட்ட விதத்தை உற்றுப் பார்க்க வேண்டும். ஒரு குழந்தையிடம் கவிதையொன்றைச் சொல்லச் சொல்ல, அது எழுதியது. அந்த நேரத்தில் அறையில் இல்லாத இன்னொரு குழந்தை வந்து, விரலை ஓட்டி அதைப் படித்தது. ஹவுயின் மேடையில் குழந்தை படித்துக் காட்டியதுதான் வியப்பாக இருந்தது, இங்கே எழுதியும் காட்டியது. ஹவுயின் மேடையில் பார்வையாளர் கண்ணால் சரிபார்த்தார். இங்கே காதால் சரிபார்த்தார். சபையில் இருந்தவருக்கு ஒரு புள்ளிகூடப் படிக்கத் தெரிய வேண்டியதில்லை. சொல்லப்பட்ட வரியும் படிக்கப்பட்ட வரியும் ஒன்றா என்று அவரால் தீர்ப்புச் சொல்ல முடியும். பத்தாண்டுகளுக்கு முந்தைய கண்காட்சியில் கிடைக்காத வேலை இப்போது வேடிக்கை பார்ப்பவருக்குக் கிடைத்துவிட்டது.

துஃபோ மனம் மாறியதை அவருடைய தோல்வியாக எழுதுபவர்கள் ஒன்றை விட்டுவிடுகிறார்கள். அவருடைய பள்ளி, அவருடைய திறப்பு விழா, அவருடைய இயக்குநர் காலம்; புள்ளி எழுத்தின் வெற்றியும் அவருடைய கணக்கில் வந்து சேர்ந்தது. எதிர்த்தவர் மரியாதையோடு பக்கம் மாற ஒரு வழி வைத்திருந்தார் குவாதே. அதிகாரத்துக்குப் பக்கத்தில் அப்படி ஒருவர் இல்லாமல் எந்த வகுப்பறை மாற்றமும் நடந்து நான் பார்த்ததில்லை. பெரும்பாலும் அவர் தலைமையாசிரியராக இருப்பதில்லை. தலைமையாசிரியர் யாருடைய பேச்சைக் கேட்பாரோ அவராக இருப்பார்.

கடலுக்கு அப்பால்

பிரான்சுக்கு வெளியே நடந்தவற்றில் இரண்டை மட்டும் தொட்டுச் செல்கிறேன்.

பிரிட்டனில் அப்போது ஏழெட்டு எழுத்துமுறைகள் போட்டி போட்டன. ஒவ்வொன்றுக்கும் ஒரு புரவலர், ஒரு அச்சகம். பார்வை மங்கியதால் தொழிலைவிட்ட மருத்துவர் ஆர்மிடேஜ் 1868இல் ஒரு சங்கம் தொடங்கி, எந்த முறை வேண்டும் என்று முடிவெடுக்க ஒரு குழு அமைத்தார். குழுவில் இடம்பெற விதிகள் இருந்தன: தொட்டுப் படிப்பவராக இருக்க வேண்டும், குறைந்தது மூன்று முறைகளாவது தெரிந்திருக்க வேண்டும், எந்த முறையிலும் பண ஆதாயம் இருக்கக்கூடாது. ஈராண்டு ஆராய்ந்து அவர்கள் பிரெயிலைத் தேர்ந்தெடுத்தார்கள். பள்ளிகளுக்குக் கருவி வாங்கும் இன்றைய குழுக்களில் இந்த மூன்று விதியையும் வைத்தால் எத்தனை நாற்காலிகள் காலியாகும் என்று எண்ணிப் பார்ப்பது எனக்குப் பிடித்த பொழுதுபோக்கு.

அமெரிக்காவில் நேர்மாறாக நடந்தது. நியூயார்க் புள்ளிமுறை, அமெரிக்கப் பிரெயில், ஆங்கிலப் பிரெயில் என்று மூன்று முகாம்கள். மூன்றுமே புள்ளிகள்தான், மூன்றுக்கும் பொருள் வேறு. கிடைக்கும் நூல்களையெல்லாம் படிக்க மூன்று முறைகளையும் கற்க வேண்டிய நிலை பார்வையற்ற வாசகர்களுக்கு. 1909இல் நியூயார்க் நகரக் கல்வி வாரியம் பொது விசாரணையே நடத்த வேண்டியதாயிற்று. ஹெலன் கெல்லரும் அமெரிக்கப் பிரெயிலுக்கு ஆதரவாகக் கருத்து எழுதி அனுப்பினார். ஆங்கிலம் பேசும் நாடுகள் ஒரே பிரெயிலுக்கு வர 1932 ஆயிற்று. கருவியின் மீது ஆதரவு பெருகினால் போதும் என்று எண்ணுபவர்களுக்கு இது நல்ல பாடம். இங்கே ஆதரவு குறைவாக இருக்கவில்லை. ஒவ்வொரு முகாமுக்கும் அளவுக்கு அதிகமாகவே இருந்தது.

பயிற்சி அறையில்

கடைசியாக, இந்த நிகழ்வை நான் பயன்படுத்தும் இடத்தைப் பற்றி. பயிற்சிக்கு வரும் ஆசிரியர்களின் கண்ணைக் கட்டிவிட்டு இரண்டு தாள்களைக் கொடுப்பேன். ஒன்றில் புடைத்த எழுத்துகள், இன்னொன்றில் பிரெயில். எது எளிது என்று கேட்டால் கிட்டத்தட்ட எல்லோரும் முதல் தாளைத்தான் தூக்கிக் காட்டுவார்கள். அவர்கள் சொல்வது அவர்களுக்குச் சரி. அந்த வடிவங்களைக் கண்ணால் முப்பது வருடம் பார்த்தவர்களின் விரல் அது. வளர்ந்தபின் பார்வை இழந்தவர்களுக்கென்று 1840களில் வில்லியம் மூன் எளிய கோடுகளால் அமைத்த புடைப்பெழுத்து இங்கிலாந்தில் நெடுங்காலம் பயன்பட்டதற்கும் இதுவே காரணம். துஃபோவும் இதே தாளைத்தான் தூக்கிக் காட்டினார் என்று அப்போது சொல்வேன். அறை கொஞ்சம் அமைதியாகும். பிறகு, கண்கட்டை அவிழ்க்காமலே முதல் தாளில் இருப்பதுபோல் ஒரு வரி எழுதித் தாருங்கள் என்பேன். ஊசியும் சட்டமும் மேசையில்தான் இருக்கும். யாராலும் முடியாது.

ஒருமுறை ஓய்வுபெறும் வயதில் இருந்த ஓர் ஆசிரியர் எழுந்து, “எல்லாம் சரி. பிள்ளை இதில் எழுதியதை நான் எப்படித் திருத்துவது?” என்று கேட்டார். கேள்வியில் கோபம் இருந்தது. பாரிஸ் ஆசிரியர்கள் கேட்காமல் விட்ட கேள்வி அது. அதை அவர் வாய்விட்டுக் கேட்டதற்கு நான் நன்றி சொன்னேன். பிரெயிலைப் பார்வையுள்ளவர்கள் விரலால் கற்கத் தேவையில்லை, கண்ணாலேயே படிக்கலாம். தொடக்க எழுத்துகளுக்கு ஓரிரு நாள் போதும். அட்டவணையை அவர் கையில் கொடுத்துப் பயிற்சிக்கு வந்திருந்த பார்வையற்ற மாணவி ஒருவரின் பக்கத்தில் உட்காரவைத்தேன்.

மதியத்துக்குள் அவர் ஆங்கிலத்தில் தன் பெயரைக் குத்தி முடித்து, தாளைத் திருப்பி அந்தப் பெண்ணிடம் நீட்டினார். விரலை ஓட்டியவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு மீண்டும் ஓட்டினாள். இடமிருந்து வலமாகவே குத்தியிருந்தார். பெயர் பின்னாலிருந்து முன்னால் வந்திருந்ததோடு, ‘டி’ எல்லாம் ‘எஃப்’ ஆகவும் ‘ஐ’ எல்லாம் ‘ஈ’ ஆகவும் மாறியிருந்தன. “சார், உங்கள் பெயர் கண்ணாடியில் தெரிகிறது” என்றாள். அவர் தாளைத் திரும்ப வாங்கினார், ஊசியை அவள் கையில் கொடுத்தார், தன் விரலை அவள் விரல்மேல் வைத்துக்கொண்டு, “மறுபடி, மெதுவாக” என்றார்.